உன் முக்காலியிலிருந்து பார்த்தால்

மராங்கு,
அக்டோபர் 11, 1992

அன்புள்ள ஐகாவின் அம்மாவுக்கு,

மலைமேலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். கடவுள் கிருபையால் நீயும் மகளும் மருமகனும் பேரனும் அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் உருகிப் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் தார் எஸ் ஸலாமில் அவனுக்குக் கடிக்க நல்ல வாழைப்பழம் ஏது? இந்தக் கடிதத்தோடு பஸ் கண்டக்டரிடம் ஒரு தார் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு சீப்பு குறைந்திருந்தால் கண்டக்டரைக் கேள், என்னைக் கேட்காதே.

மகளின் பேறுகாலத்துக்கு என்று போனாய். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல்லும் முளைத்துவிட்டது. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது ஐகா ஒரு அறையையே நமக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறாள், நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தினாயா? "அங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மூணு வருஷமா நான் தபால் சுமந்துட்டேன். உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் வாய் இருக்கு. எனக்குத்தான் கால் வலிக்குது" என்று வேறு எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. பேசுவதற்கு மாடுகள்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

உன் அண்ணன் அனாயேலி விஷயத்தில் என் பேச்சு மாறாது. நம் வீட்டில் கிறிஸ்துமஸ் ஆடு அறுத்தால் நெஞ்சுக்கறி உன் அண்ணனுக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? கத்தி கையில் இருக்கும்போது பாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? அவருக்கு வைத்தேன். அதற்காக ஒரு மனிதன் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவானா? போனதோடு விட்டானா? என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று வேலிக்கு அந்தப் பக்கம் தன் கேட்டருகே சில்வர் ஓக் கன்று நட்டான். அது இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது. சரி, விடு. இதை எழுத வரவில்லை.

எழுத வந்தது தோட்டத்தைப் பற்றி. கிறிஸ்துமஸுக்கு நைரோபியிலிருந்தும் அருஷாவிலிருந்தும் ஊரே மேலே ஏறி வரும். நம் வீட்டு முன்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நானே இறங்கிவிட்டேன். கேட்டிலிருந்து வாசற்படி வரை நூல் பிடித்து இரண்டு வரிசை கல் பதித்து, எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தேன். பழைய லாரி டயர்களைப் பாதியாக அறுத்து நட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறப் பூச்செடி. சிவப்பு, மஞ்சள், ஊதா, எதையும் விடவில்லை. வேலை முடிந்ததும் ரோட்டில் நின்று பார்த்தேன். பெருமையில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நம் பின்னறையில் குடியிருக்கும் டீச்சர் ஹவா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கடற்கரைத் தாங்கா ஊர்க்காரிகளின் வாய் உனக்குத் தெரியுமே. கேட்டிலேயே நின்றுகொண்டு, "ஐயா, உள்ள வரலாமா? இல்ல இன்ஸ்பெக்டர் கிட்ட கேட்டுட்டு வரணுமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "வெள்ளைக் கல்லு, நேர் ரோடு. ஒரு கொடிக்கம்பம்தான் பாக்கி. போலீஸ் ஸ்டேஷனே தோத்துச்சு போங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார். அறையை உடனே காலி செய்யச் சொல்லியிருப்பேன். நீ இருந்தால் விடமாட்டாய் என்பதால் சும்மா இருந்தேன்.

மறுநாள் அவளே கையில் மண்வெட்டியோடு வந்தாள். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அவள் தோட்டக்கலைதான் சொல்லிக் கொடுக்கிறாளாம். எனக்கும் வகுப்பு எடுத்தாள். "ஒண்ணொண்ணா வச்சா அது சந்தை ஐயா. ஒண்ணையே அள்ளி வச்சாத்தான் தோட்டம்" என்றாள். நெட்டைச் செடி பின்னால், குட்டைச் செடி முன்னால் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "கல்யாண போட்டோவுல உங்கள எங்க நிப்பாட்டினாங்க?" என்று கேட்டாள். பின்வரிசையில்தான். பாதை வளைய வேண்டும், ஆனால் வளைவதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு மரமோ பாறையோ அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றாள். இது மட்டும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆயுசெல்லாம் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டியவனுக்கு வளைவைப் பற்றி யார் சொல்ல வேண்டும்? நேர் ரோட்டில்தான் டிரைவர் தூங்கிப் போவான்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சண்டை. எல்லா இடத்தையும் நிரப்பக் கூடாது, ஒரு இடம் சும்மா கிடக்க வேண்டும் என்கிறாள். காலி லாரி ஓட்டுவது எனக்குப் பிறவியிலேயே பிடிக்காது. இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "இந்தத் தோட்டத்த யாரு, எங்க உக்காந்து பாக்கப் போறாங்க?" ரோட்டில் போகிறவர்கள் என்றேன். "அவங்க ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுவாங்க. வீட்டுல இருக்கறவங்க?" என்றாள். அவள் போன பிறகு, அடுப்படி வாசலில் நீ வாழைக்காய் உரிக்கும் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதில் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஐகாவின் அம்மா, அங்கிருந்து என்ன தெரிகிறது தெரியுமா? மாட்டுக் கொட்டகையின் பின்புறம். துருப்பிடித்த டீசல் டிரம். அப்புறம் என் டயர்க் குவியல். இத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டா உரித்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று டீச்சரிடம் ஆற்றாமைப்பட்டேன். "அம்மா எத்தனையோ தடவ சொன்னாங்க, நானே கேட்டிருக்கேன்" என்கிறாள். சொல்லியிருப்பாய்.

டயர்கள் எல்லாம் போய்விட்டன. டிரம்மும் போய்விட்டது. வெள்ளைக் கற்களைப் பிடுங்கிக் கொட்டகைக்குத் தளம் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வருவதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மறந்திருப்பாய். அடுத்ததில் எழுது. செவலைப் பசு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

ஐகாவின் அப்பா


மராங்கு,
நவம்பர் 22, 1992

அன்புள்ள ஐகாவின் அம்மாவுக்கு,

மழை வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் புரள்கிறது. வாழை இலைகள் கழுவிவிட்ட மாதிரி இருக்கின்றன. பேரன் படம் கிடைத்தது. என் மூக்கு. இதில் மருமகன் வீட்டார் என்ன சொன்னாலும் நம்பாதே.

தோட்டம் நட்டாயிற்று. உன் முக்காலியை நடுவாக வைத்து, அங்கிருந்து ஆரம்பித்தோம். கொட்டகையின் பின்சுவரை மறைக்கக் கல்வாழை, ஒரே சிவப்பு, அள்ளி அள்ளி. அதற்கு முன்னால் இடுப்பளவில் வெள்ளை லில்லி. அதற்கும் முன்னால் காசித்தும்பை, தரையோடு தரையாக. அதே சிவப்பு கேட்டருகே கொஞ்சம், கிணற்றருகே கொஞ்சம் திரும்ப வருகிறது. கண் அதைப் பிடித்துக்கொண்டே நடக்குமாம். நடக்கிறது, நான் பார்த்துவிட்டேன். டீச்சர் ஊருக்குப் போய் வந்தபோது அவர்கள் மலையிலிருந்து நீலப் பூச்செடி ஒன்று கொண்டு வந்தாள். அதற்கு வெயில் ஆகாது. அடுப்படிச் சுவரோரம், உன் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறது. ஈரக் கையால் இலையைத் தொட்டுவிடாதே, கறுத்துப்போகும் என்கிறாள்.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படி. வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு வரக் கூடாது என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

கண் போய் உட்கார ஒரு இடம் வேண்டும், அது தோட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை என்றாள் டீச்சர். முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே கிபோ மலையின் பனிமுடி தெரிய வேண்டிய இடத்தில் உன் அண்ணனின் சில்வர் ஓக் நிற்கிறது. "ஒரே ஒரு கிளை ஐயா. அது மட்டும் இல்லேன்னா மலை நேரா அம்மா மடியில வந்து உக்காந்துடும்" என்றாள். அந்த வீட்டில் போய்க் கேட்க எனக்கு வாயில்லை என்று சொல்லிவிட்டேன். எந்தக் கிளை என்றாவது குறித்து வைப்போம், பின்னால் உதவும் என்று சொல்லிவிட்டு அவள் நேர்கோடு பிடித்துக்கொண்டே போனாள். வேலியைத் தாண்டி உன் அண்ணன் கேட்டுவரைக்கும் போய்விட்டாள். கோடு முடிகிற இடத்தில் அடையாளம் கட்ட ஒன்றும் அகப்படவில்லை. வாழைநார் ஈரத்தில் நைந்துபோகும். வேலியிலிருந்து ஒரு இலையை இழுத்து, முடிச்சுப் போட்டு, அவன் கேட்டுக் கம்பத்தில் தொங்கவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

நம் வேலி என்ன செடி? இசாலே.

உனக்கு இப்போது முகம் எப்படிப் போகிறது என்று இங்கிருந்தே தெரிகிறது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம். நிமிர்ந்தால் உன் அண்ணன். கோட்டுப் போட்டிருக்கிறான். பின்னால் உன் அண்ணி தலையில் வாழைக்கள் பானை. அவன் சட்டைப் பையில் முடிச்சுப் போட்ட இசாலே எட்டிப் பார்க்கிறது.

"மச்சான், வந்துச்சு. எடுத்துக்கிட்டேன். இனிமே பழைய பேச்சே கெடையாது" என்றான்.

என்ன வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. டீச்சர் பின்னறை வாசலில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை! இது முதலில் தெளிவாக இருக்கட்டும். ஆனால் இதை யாரிடம் சொல்வது? நம் மலையில் இசாலே முடிந்து கொடுத்து மன்னிப்பு வேண்டினால் வாங்கியவன் மறுக்கக் கூடாது. மறுக்காமல் வாங்கிக்கொண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவனிடம், அது மலை பார்க்கக் கட்டிய அடையாளமப்பா என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் செத்துப்போன தாத்தன் எழுந்து வந்து அறைவார். குடுவையை நீட்டினான். வாங்கிக் குடித்தேன். கோபத்தில் குடித்தேன். கள் அவ்வளவு நன்றாக இருந்ததில் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

சாயங்காலம் வரை இருந்தார்கள். உன் அண்ணி உன் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். டீச்சர் டீ குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் மணிலாக்கொட்டை வறுத்துப் போட்டாள். போகும்போது உன் அண்ணன், "தங்கச்சி எப்ப வரா?" என்று கேட்டான். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லிவிட்டேன். அது பொய்யாகப் போகிறதா இல்லையா என்பது உன் கையில் இருக்கிறது.

இலை விஷயம் நம் மூவருக்குள் இருக்கட்டும். தபால் சுமக்கும் வேலை உனக்கு இனி இல்லை. கால் வலி குறைய மீன் எண்ணெய் தடவு.

கடவுள் துணை.

ஐகாவின் அப்பா


மராங்கு,
டிசம்பர் 8, 1992

அன்புள்ள ஐகாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னக் கடிதம். "வேறொருத்தி கட்டின இலை வெறும் இலை. நீங்க ரெண்டு பேரும் அதை நம்பிக் கூத்தடிச்சா அடிங்க. என்னிக்காவது ஒரு நாள் உண்மை வெளிய வரும். மறுபடி தபால் சுமக்க நான் பஸ் ஏற மாட்டேன்." இதை நான் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ சொல்வது சரிதான். உன்னோடு வாதம் பண்ணி நான் என்றைக்கு ஜெயித்தேன்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நேராக உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். மச்சான், அந்த இலையை நான் கட்டவில்லை, டீச்சர் உன் மரக்கிளைக்கு அடையாளம் வைத்தாள், விவரம் தெரியாத பெண், நான்தான் உன்னிடம் சொல்லாமல் கள்ளைக் குடித்துவிட்டேன் என்றேன். அவன் புல்லைக் கீழே போட்டான். அடிக்க வருகிறானோ என்று நினைத்தேன்.

சிரித்தான். சத்தம் கேட்டு உன் அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அது தாங்காக்காரி முடிச்சு. முந்தானையில காசு முடியற மாதிரி முடிஞ்சிருந்துச்சு. நீ கட்டியிருந்தா லாரிக் கயிறு முடிச்சால்ல இருக்கும்?" என்றான்.

அப்புறம் எதற்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். "மூணு வருஷமா தெனமும் காலைல கேட்டப் பாத்துட்டுத்தான் புல்லறுக்கப் போவேன் மச்சான். ஒரு நாளு இலை இருந்துச்சு. யாரு கட்டினா எனக்கென்ன? அது காத்துல பறந்து வந்து மாட்டியிருந்தாலும் நான் வந்திருப்பேன்" என்றான்.

ஐகாவின் அம்மா, உன் அண்ணனை நான் எத்தனையோ பேர் சொல்லித் திட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் நீ கேட்டிருக்கிறாய். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் வேலியில் நல்ல இலையாகப் பார்த்து ஒடித்து, என் கையால் முடிச்சுப் போட்டு, அவன் கேட்டில் தொங்கவிட்டு வந்தேன். லாரிக் கயிறு முடிச்சேதான், புயலடித்தாலும் அவிழாது. வீடு வந்து டீ கூடப் போட்டிருக்க மாட்டேன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறான்: "யோவ் மச்சான், இதுக்கும் கள்ளு காய்ச்சணுமா? பழுத்த வாழை தீந்துபோச்சுய்யா!" ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நமக்கென்ன வெட்கம்?

ஒரு கிளைதான் கேட்டோம். அவன் கோடாலியோடு போய் மரத்தையே சாய்த்துவிட்டான். கோபத்தில் நட்ட மரம், அது எதற்கு என்கிறான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த மரம் ஓரமாக இருந்திருந்தால் மலைக்கு ஒரு சட்டம் போட்ட மாதிரி அழகாக இருந்திருக்குமாம். இவனிடம் போய்ச் சட்டத்தைப் பற்றி யார் பேசுவது? மரத்தைப் பிளந்து அவன் வீட்டு அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறோம். கிறிஸ்துமஸ் ஆடு அந்த விறகில்தான் வேகும். நெஞ்சுக்கறி யாருக்கு என்பதை இப்போதே கோயிலில் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டேன். பாஸ்டருக்கு இந்த வருஷம் தொடை. அவரும் சம்மதித்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் உன் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். காசித்தும்பை, லில்லி, கல்வாழை, வேலி, அதற்கும் மேலே கிபோ. பனி முழுக்க ரோஜா நிறத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொன்றும் தெரிகிறது. நாங்கள் யாருமே அதை எதிர்பார்க்கவில்லை. நீ பிறந்த வீட்டின் வாசல். உன் அண்ணி அதில் நின்று கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். மரம் வருவதற்கு முன்னால் நீ உரித்துக்கொண்டே என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. டயர்க் குவியலைப் பற்றி நீ ஏன் பெரிதாகச் சண்டை போடவில்லை என்பதும், அந்த மரம் வளர வளர நீ ஏன் பேசுவதைக் குறைத்தாய் என்பதும்.

ஐகாவிடம் சொல், அவள் ஒழித்துக் கொடுத்த அறை வீண்போகாது. வருஷத்துக்கு ஒரு முறை நாம் இருவரும் போய்ப் பேரனைக் கெடுத்துவிட்டு வருவோம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவனை மலைக்குத் தூக்கிக்கொண்டு வரட்டும். அவன் மூக்கை ஊர் பார்க்க வேண்டாமா?

கண்டக்டரிடம் இந்தத் தடவை வாழைத்தார் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிய சின்னப் பொட்டலம் மட்டும். பிரித்துப் பார். இசாலே, இலை மட்டும் அல்ல, தண்டோடு வெட்டியது. முடிச்சு என்னுடையது. நீயே பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வாய். வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இசாலே தண்டை எந்த மண்ணில் ஊன்றினாலும் வேர் விட்டுவிடும், தார் எஸ் ஸலாம் மணலில்கூட. அங்கே ஊன்றிவிடாதே. கையோடு இங்கே எடுத்துக்கொண்டு வா. டீச்சர் பேச்சைக் கேட்டு முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். இத்தனை நாள் சண்டை போட்டுவிட்டு இதில் மட்டும் அவளிடம் தோற்றேன். அந்த இடத்தைத் தினமும் பெருக்கி வைக்கிறேன். அங்கே நான் எதையும் நடவில்லை.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக பஸ் ஏற்றி, பத்திரமாக இறக்கிவிடட்டும். மராங்கு நிறுத்தத்தில் நானும் உன் அண்ணனும் சேர்ந்து நிற்போம்.

உன்,
ஐகாவின் அப்பா